அக்கா கையெழுத்திட மறுத்த சோனார்

எங்கள் அக்கா கர்த்தரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. ஜெபக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவர் என்ன வேலை பார்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. "நேவியில ஏதோ ஆபீஸ்" என்றுதான் திருத்தணியில் சொல்வார்கள். தம்பியாகிய நான் அதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

அக்கா கே.ஜி.கண்டிகையில் பிறந்தார். அப்பாவை நைனா என்போம்; அவர் பஸ் டிரைவர். அக்கா இன்ஜினியரிங் கடைசி ஆண்டில் இருந்தபோது நைனா மாரடைப்பில் காலமானார். மேற்படிப்பு எண்ணத்தை விட்டுவிட்டு, கடற்படையின் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தவரும் அவரே.

கடலுக்கடியில் வரும் நீர்மூழ்கியை அதன் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி சோனார். கப்பலிலிருந்து கழற்றி வரும் சோனாரைச் சோதித்துக் கையெழுத்திடுவது அக்காவின் பொறுப்பு. கப்பல்கள் புதிது புதிதாக வந்தன. சோதிக்கும் கருவிகள் மட்டும் அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தவை. ஆண்டுதோறும் நிதி கேட்டு எழுதுவார். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பதில் வரும்.

ஒருமுறை, புறப்படத் தயாராக இருந்த கப்பலின் சோனாருக்குக் கையெழுத்திட மறுத்துவிட்டார். சோதனைக் கருவி சரி என்றுதான் காட்டியது. அக்காவுக்கு அந்தக் கருவி மேலேயே நம்பிக்கை போயிருந்தது. மேலதிகாரிகள் கோபப்பட்டார்கள். வீட்டில் அக்காவின் கணவரான பாவாவும் பயந்துபோய்க் கேட்டார்.

"எல்லாரும் போட்டுகினுதான இருக்காங்க. நீயும் போட்டுட்டா என்ன?"

"கப்பல்ல போறவங்க என் கையெழுத்த நம்பிகினு போறாங்க. நான் எத நம்பி போடறது?"

அந்தச் சோனாரை ஒதுக்கிவிட்டு, வேறொன்றை மாட்டிக் கப்பலை அனுப்பினார்கள். அக்காவை ஸ்டோர்ஸ் பிரிவுக்கு மாற்றினார்கள். பதவி உயர்வும் நின்றுபோனது.

கப்பல் புறப்படத் தாமதமானதற்கு விளக்கம் கேட்க டெல்லியிலிருந்து குழு ஒன்று வந்தது. அக்கா அவர்களிடம் ஹெட்போனைக் கொடுத்து, கடலில் பதிவான ஒலியைப் பழைய கருவி வழியாகப் போட்டுக் காட்டினார். "வெறும் இரைச்சல்தான்" என்றார் குழுத் தலைவர். அதே பதிவை, வேறு தளத்திலிருந்து இரவல் வாங்கிய புதிய கருவியில் போட்டார். நீர்மூழ்கியைத் தள்ளும் விசிறி சுற்றுவது தெளிவாகக் கேட்டதாம்.

"முதல்ல கேட்ட இரைச்சல் கடலோடது இல்லீங்க சார். எங்க மெஷினோடது."

அதன் பிறகுதான் நிதி ஒதுக்கினார்கள். டெண்டர் முடிந்து கருவிகள் வருவதற்குள் அக்கா ஓய்வுபெற்றுத் திருத்தணிக்கு வந்துவிட்டார். புற்றுநோயும் வந்துவிட்டது.

படுக்கையில் இருந்தபோது, அவர் இடத்துக்கு வந்த பெண் இன்ஜினியர் போன் செய்தார். "மேடம், நீங்க மறுத்த சோனாரத்தான் புது மெஷின்ல முதல்ல போட்டோம். ஒரு பக்கம் சுத்தமா கேக்கல."

அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவர் முகம் மாறியது. "அப்ப நான் கையெழுத்து போட்டதெல்லாம்? அதையும் எடுத்துப் பாரும்மா" என்றார்.

பார்த்தார்கள். சிலவற்றில் பழுது இருந்தது. சரிசெய்து மாட்டினார்கள்.

வேலையை விட்டுவிட்டு அக்காவின் அருகிலேயே இருந்த பாவாவுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பாதை அடைத்திருந்த நாளில், சுற்றுவழியாக ஆஸ்பத்திரிக்குக் காரோட்டிச் சென்ற மெக்கானிக் பாய்க்கும், தினமும் வந்து ஜெபித்த சபையாருக்கும் எங்கள் நன்றி. அந்த இன்ஜினியர் சகோதரிக்கும் நன்றி. நோயாளியிடம் எதற்கு என்று மறைக்காமல், அக்கா கையெழுத்திட்டவற்றிலும் பழுது இருந்ததை அவர் அப்படியே சொன்னார். "சரிபண்ணிட்டீங்க இல்ல?" என்று கேட்டார் அக்கா. வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார்.