மூக்கக்கா முகர்ந்த சட்டை

சாக்கின் வாயைப் பிரித்து ஒரு சிட்டிகை அள்ளுகிறாள். உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே மூக்கருகே கொண்டுபோகிறாள். கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. மசாலாக் கிடங்கில் அவளுக்கு மூக்கக்கா என்றே பெயர்.

சோம்பு என்றால் கொஞ்சம் பருமன், பச்சை ஓடும், நாக்கில் இனிக்கும். சீரகம் மெலிசு, மண் நிறம், லேசாக வளைந்து, முதுகில் கோடு கோடாக, நுனியில் மயிரிழை போல ஒரு வால். சாயம் ஏற்றிய புல்விதை கலந்திருந்தால் கை கறுத்துவிடும். இதெல்லாம் யாருக்கும் தெரியும். அவளைத் தேடுவது, வாசனை எண்ணெயை முன்பே வடித்தெடுத்துவிட்டு நல்லதுபோல விற்கும் சரக்கைக் கண்டுபிடிக்கத்தான். கோடு, வளைவு, வால் எல்லாம் அப்படியே இருக்கும். தேய்த்தால் வெறும் தூசு. “ஆளு இருக்கு, உசுரு இல்ல” என்று ஒதுக்கிவிடுவாள்.

போன மழைக்காலத்தில் அவளுடைய அண்ணன் திரும்பி வந்தார். கப்பல் வேலைக்குப் போய், பல வருஷம் தகவலே இல்லாமல் இருந்தவர். புருவத் தழும்பு, இடது காலைச் சற்று இழுத்து நடப்பது, அம்மாவைக் கூப்பிடும் விதம், எல்லாம் அவரேதான். அக்கம்பக்கத்தார் பார்த்துக் கண் கலங்கினார்கள். பார்வை போயிருந்த அம்மா அவர் முகத்தைத் தடவித் தடவி ஓயவில்லை.

அவர் வேர்த்துக் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்தவள், கைப்பழக்கத்தில் முகர்ந்தாள். பிழிந்தால் சொட்டும் ஈரம். வாசனை இல்லை. அண்ணன் வாசனை கிடக்கட்டும், மனுஷ வாசனையே இல்லை. தன் மூக்குதான் செத்துவிட்டதோ என்று அடுப்படிக்கு ஓடிச் சீரக டப்பாவைத் திறந்தாள். குப்பென்று ஏறியது.

மறுநாள் கிடங்கில், கூட வேலை செய்பவளிடம் மெல்லச் சொன்னாள்.

“கூடப் பொறந்தவர மோந்தா பாப்பாங்க? வேற வேலை இல்லையா உனக்கு?” என்று அவள் சிரித்தாள். “ஏதாவது ஒண்ணு இடிக்குதா, சொல்லு.”

“ஒண்ணும் இடிக்கல. எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு.”

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா கட்டிலில் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“ஊரே சொன்னாலும் எனக்கு உன் மூக்கு சொல்லணும் பாப்பா. இது என் புள்ளதானே?”

“சொல்லேன்” என்றார் அவர், அண்ணனின் குரலில்.

அம்மாவின் முகத்தில் இத்தனை வருஷம் காணாத தெளிச்சி. பிடித்த கையை அவள் விடவில்லை.

“அண்ணன்தாம்மா.”

அம்மா பெருமூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டாள். அவர் இமைக்காமல் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கக்கா உள்ளறையிலிருந்து தன் பாயை எடுத்துவந்து, அவருடைய படுக்கைக்கும் அம்மாவின் கட்டிலுக்கும் நடுவே விரித்தாள்.