சவரிமுத்து அண்ணன் பேசாத போன்

செய்தி வந்தபோது நான் மில் குடோனில் பஞ்சுப் பொதிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் போனில், "சவரி அண்ணன் தவறிட்டாருண்ணே. காலைல காப்பி குடிக்கும்போதே நெஞ்சு அடைச்சிருச்சாம்" என்றார். "எந்தச் சவரி?" என்று கேட்டேன். எங்கள் மில்லில் ஒரே ஒரு சவரிதான். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மிச்சப் பொதிகளையும் எண்ணி முடித்தேன். எண்ணிக்கை சரியாக வந்தது. ஏன் எண்ணினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு அச்சிடும் சிறு நினைவு மலரில் இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அண்ணி கேட்டார்கள். பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் என்பதால் மற்றவர்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்திருப்பார்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சவரிமுத்து அண்ணன் திண்டுக்கல் மேட்டுப்பட்டிக்காரர். ஆறு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து, வேடசந்தூர் ரோட்டில் எங்கள் நூற்பாலையில் டைம் கீப்பராகச் சேர்ந்தவர். வேலை கேட்டு வருகிறவர்கள் முதலில் அவர் ஜன்னலில்தான் நிற்பார்கள். "ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்பார்கள். சொல்வார். நான் அகரத்திலிருந்து சைக்கிளில் வந்து நின்ற அன்றைக்கும் மானேஜரிடம் சொன்னார்: "ஆள் கொஞ்சம் மந்தம் சார். ஆனா திருட மாட்டான்." இருபத்திரண்டு வருடமாக அந்த இரண்டையும் காப்பாற்றி வருகிறேன்.

என் மகள் நந்தினி உணவுப் பதப்படுத்தும் படிப்புக்குக் கனடா போனாள். மதுரை ஏர்போர்ட் வரை அண்ணனும் வந்து வழியனுப்பினார். இரண்டு வருடப் படிப்பில் ஒரு பருவம் முழுக்க வகுப்பு கிடையாது. ஏதாவது ஓர் ஆலையில் போய் வேலை பார்க்க வேண்டும். அதையும் படிப்பாகவே சேர்த்துக்கொள்வார்கள். "படிக்க அனுப்புன புள்ளைய வேலைக்கு விடுறானுகளேண்ணே" என்று டைம் ஆபீஸில் போய்ப் புலம்பினேன்.

"ஏலே, நம்ம மில்லுக்கு அப்ரண்டிஸ் பயலுக வாரானுகள்ல, அது மாதிரிதான். பெறகு வேலை தேடுறப்ப அதுதான் கைகொடுக்கும். சந்தோசப்படு."

சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த வேலையை அவளேதான் தேடிப் பிடிக்க வேண்டுமாம். அறுபது இடத்துக்கு எழுதினாள். கிடைக்காவிட்டால் படிப்பு தள்ளிப்போகும், விசாவுக்கும் சிக்கல் என்று அழுதாள். கடைசியில் ஒரு சீஸ் ஆலையில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். நன்றாகப் பேசியதாகவும் ஒரு வாரத்தில் முடிவு தெரியும் என்றும் சொல்லி, அந்த ஆலையின் விவரத்தைப் பெருமையாக எனக்கு அனுப்பினாள். அதில் போன் நம்பர் இருந்தது.

அண்ணனிடம் ஓடினேன். "ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"கிறுக்குப்பயலே, அங்கெல்லாம் சிபாரிசுன்னு போனா கிடைக்கிறதும் கெட்டுப்போகும். பேசாம இரு."

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் பார்த்த வேலையெல்லாம் யாரோ ஒருவர் சொன்ன வார்த்தையில் கிடைத்தவைதான். சாயங்காலம் ஏழு மணிக்கு அண்ணன் டீ குடிக்கப் போன நேரம், மேஜையில் இருந்த அவர் போனை எடுத்தேன். வெளிநாட்டுக்குப் பேசும் வசதி அதில்தான் இருந்தது. மில் கடிதங்களில் பொறுக்கிய ஆங்கிலத்தில் நந்தினியின் முழுப் பெயரைச் சொல்லி, "குட் கேர்ள் சார். வெரி பூர் ஃபேமிலி சார். ஐ ஆம் வெல்விஷர் சார். ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்" என்றேன். எதிர்முனையில் பேசியது ஒரு பெண்மணி. திருப்தி வராமல் மறுநாளும் பேசினேன்.

மூன்றாம் நாள் கல்லூரியில் நந்தினியைக் கூப்பிட்டு, வெளியாளை வைத்து ஆலைக்கு நெருக்கடி கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தார்கள். அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. பேசியவரின் நம்பரையும் காட்டியிருக்கிறார்கள். பார்த்ததும் அது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் வந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன்.

"பெரியப்பா, அந்தக் கம்பெனிக்கு நீங்களா பேசுனீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"ஆமாத்தா. நாந்தான். உங்கப்பனுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒங்கள யாரு கேட்டா? நான் எம்புட்டுக் கஷ்டப்பட்டேன் தெரியுமா?" அவள் அழுதது எனக்கும் கேட்டது.

போனை வைத்ததும், "ஏண்ணே இப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"ஏலே, அங்கன காச்சல்னு படுத்தா அந்தப் புள்ள யாருக்குப் போன் போடும்? ஒனக்குத்தான? ஒம்மேல கோவம்னா போடாது. எம்மேல இருந்துட்டுப் போகுது." செத்த நேரம் கழித்து, "போன்ல சார்னா சொன்ன? அந்தம்மாவையா?" என்று சிரித்தார்.

பிறகு கல்லூரியிலிருந்து ஐந்து மணி நேரப் பயணத்தில், உருளைக்கிழங்கை வெட்டி உறைய வைக்கும் ஓர் ஆலையில் அவளுக்கு இடம் கிடைத்தது. இப்போது அங்கேயே வேலை. போன வருடம் லீவில் வந்தவள் எல்லார் வீட்டுக்கும் போனாள், மேட்டுப்பட்டிக்குப் போகவில்லை. அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் மட்டும் தினமும் காலையில், "புள்ள பேசுச்சா? சாப்பிட்டுச்சாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் என் வருகையைப் பதிவார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லாரையும்போல நானும் ஒரு கை மண் போட்டேன். அழுகை வரவில்லை. கை கழுவவும் தோன்றவில்லை. அப்படியே பைக்கில் வீட்டுக்கு வந்தேன். நந்தினி பேசினாள். "பாவம்ப்பா. ஆனா அன்னிக்கு அவரு அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்றாள். நான் "ம்" என்றேன். செத்துப் போனவர் தலையிலும் அதை வைத்தேன்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும், "பெரியம்மா நம்பர அனுப்புங்கப்பா" என்றாள். அனுப்பினேன். வைத்துவிட்டாள்.

அண்ணே, நீங்கள் சொன்னது சரிதான். இன்றோடு ஒன்பது நாள், எனக்குப் போன் வரவில்லை. அண்ணிக்குத் தினமும் சாயங்காலம் வருகிறதாம். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பேசுகிறார்களாம். அவளுடைய கோபத்தை இனி நானே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் போங்கண்ணே.