சான் மரினோ சட்டம்

தாத்தா இறந்து நாற்பதாம் நாள், எங்கள் சிம்மக்கல் வீட்டு முற்றத்தில் செங்கல் வந்து இறங்கியது. அப்பாவின் பாதிக்கும் சித்தப்பாவின் பாதிக்கும் நடுவே சுவர் எழுப்புவதற்கு. எங்களுடையது நூலுக்குச் சாயம் போடும் குடும்பம். சிவப்புத் தொட்டி அப்பாவுக்கு, நீலத் தொட்டி சித்தப்பாவுக்கு. எத்தனை தேய்த்தாலும் விரல்களில் அந்தந்த நிறம் போகாது. தொழிலில் சண்டை இல்லை. வீட்டில் இனி யார் சொல் செல்லும் என்பதில்தான் சண்டை.

அம்மாவின் அண்ணன் பரவையிலிருந்து வந்தார். பள்ளியில் பூகோளம் நடத்துபவர். மூன்று கோபுரம் போட்ட ஒரு தபால் தலையை இருவர் முன்னும் வைத்தார்.

"சான் மரினோ, மாப்ள. இத்தாலிக்குள்ள இம்புட்டுக்காணு குடியரசு. ஒரு கல்தச்சர் மலையேறி உண்டாக்கின ஊருன்னு சொல்லுவாங்க. ராஜா கிடையாது. தலைவர் ரெண்டு பேரு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் உத்தரவு. ஆறு மாசந்தான் பதவி. எறங்கினதும் யாரு வேணாலும் அவங்க மேல புகார் குடுக்கலாம்."

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா?" என்றார் சித்தப்பா.

"பிரெஞ்சுத் தளபதி ஒருத்தர் கூடுதலா இடம் தாரேன்னப்ப, இருக்கது போதும்னு சொன்ன ஊருய்யா அது. நீங்கதான் ஒரு முற்றத்துக்கு அடிச்சுக்கிறீங்க!"

அன்றே அப்பாவும் சித்தப்பாவும் தலைவர்களாக அந்தச் சட்டம் எங்கள் வீட்டில் அமலுக்கு வந்தது. ஐப்பசியிலும் சித்திரையிலும் தவணை முடியும். அங்கே பதவி இறங்கியவர் உடனே மறுபடி ஏற முடியாதாம். எங்கள் வீட்டில் வேறு ஆண்கள் இல்லாததால் மாமா அந்த விதியைத் தள்ளுபடி செய்தார். ஒரு காலி சாய டப்பாவின் மூடியில் துளை போட்டார். தவணை முடிந்ததும் மூன்று நாள் புகார் போடலாம், பெயர் எழுத வேண்டியதில்லை. செங்கற்கள் மட்டும் மூலையிலேயே இருந்தன. நான் தினமும் எண்ணுவேன். இருநூற்றுப் பன்னிரண்டு.

பங்குனியில் அப்பா என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பத்து வயது.

"பள்ளிக்கூடம் அஞ்சாப்போட போதும் தாயி. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணியாச்சு."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அவரோடு பேசுவதை அன்று நிறுத்தினேன்.

சித்திரையில் டப்பா வந்தது. முதல் நாளே, என்னை மறுபடி பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று எழுதிப் போட்டேன். மறுநாள் மதியம் சித்தப்பாவின் குரல் கேட்டது.

"எவனாவது புகார் கிகார்னு போட்டான், நாளைக்கே கொத்தனாரக் கூட்டிட்டு வாரேண்ணே. சொல்லிட்டேன்."

சுவர் வந்தால் சித்தப்பா மகள்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். என் எழுத்தால் வந்த சுவர். மூடியின் துளை வழியே ஈர்க்குச்சியால் நெம்பி, என் காகிதத்தை எடுத்து அடுப்பில் போட்டேன். டப்பாவைக் குலுக்கிப் பார்த்தேன். சத்தமில்லை.

மூன்றாம் நாள் மாலை எல்லோர் முன்னும் மாமா மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு காகிதம் இருந்தது.

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியது தவறு. மறுபடி சேர்க்க வேண்டும்" என்று மாமா படித்தார்.

எரிந்தது எப்படி மறுபடி வந்தது? சித்தப்பா என்னைப் பார்த்தார். "நீயா?" மாமா காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அது என் கையெழுத்து இல்லை. அச்செழுத்துப் போல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக இருந்தது. ஓரத்தில் சிவப்பாக ஒரு கறை. சித்தப்பா அந்த ஓரத்தையே பார்த்தார். பிறகு தன் நீல விரல்களை, பிறகு அப்பாவை. அப்பா துண்டுக்குள் கைகளை வைத்துக்கொண்டு செங்கலைப் பார்த்தபடி இருந்தார்.

நான் கொத்தனாரின் காலடிக்குக் காத்திருந்தேன்.

"படிக்கட்டும்ணே," என்றார் சித்தப்பா, குரல் இறங்கி. "இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல? அந்தக் கல்லை வச்சுக் கோழிக்கூண்டு கட்டுவோம்."

மாமாவின் காலில் விழுந்து நன்றி சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பாவோடு அதற்குப் பிறகும் பல மாதம் நான் சரியாகப் பேசவில்லை.

அந்த வயதிலேயே எனக்கு எல்லாவற்றையும் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. அன்றைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. "காகித ஓரத்தில் சிவப்புக் கறை, கட்டை விரல் அகலம்" என்று ஒரு வரி. அதற்கு நேர் கீழே, "புகார் எழுதியவர் மாமா."