மாப்பிள்ளைக்குக் கால் கழுவியவன்

இதை எழுதப் பல வருடங்களாக எனக்குத் துணிவு வரவில்லை. ஒன்று, நான் அதிகம் படித்தவள் இல்லை. மற்றது, செய்ததைச் சொல்லிக்காட்டினால் அதன் கூலி போய்விடுமோ என்ற பயம். போன மாதம் பாண்டிருப்பிலிருந்து ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். என் தம்பியைப் போலவே அவருக்கும் ஒரு மகன். மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்களாம். "இவன இனி நான் என்ன செய்யிற?" என்று அழுதார். அவருக்குச் சொன்னதையே பிஸ்மி சொல்லி இங்கே எழுதுகிறேன்.

என் தம்பிக்குப் பிறப்பிலேயே விளக்கம் குறைவு. நாற்பது வயதைத் தாண்டியும் சட்டைப் பொத்தானை நான்தான் பூட்டிவிட வேண்டும். உம்மா மௌத்தானபோது எல்லாரும் எங்கள் அழுகையிலேயே இருந்துவிட்டோம். அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு போனவர்கள் உம்மாவைத் திருப்பிக் கொண்டுவருவார்கள் என்று வாசல் கேற்றடியில் நின்றான். எத்தனையோ நாள் நின்றான். இனி இந்த வீட்டில் எது மாறினாலும் முதலில் அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போது முடிவெடுத்தேன்.

அடுத்த மாற்றம் என் மகளின் கலியாணத்தோடு வந்தது. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து அதில் குடியிருப்பார். தாய் தகப்பன் பின்வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவோம். தம்பி படுக்கும் முன்னறைதான் புதுமாப்பிள்ளைக்கு அறையாக வேண்டும்.

மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு மெதுவாகக் கதையைத் தொடங்கினார்.

"மச்சி, குறை நினைக்காதீங்க. இப்படியானவங்கள வெச்சுப் பாக்கிற நல்ல இடங்கள் இப்ப இரிக்கி. கலியாணக் காவின் எழுத முன்னுக்கு அங்க சேத்தா அவருக்கும் நல்லம், புள்ளைகளுக்கும் நல்லம்."

"அவன் இந்த ஊட்டுப் புள்ள மச்சி. எங்க போற அவன்?" என்றேன்.

"ஊடு இனி உங்கட மகள்ட தானே?"

உள்ளே இருந்த மகள் கதவடிக்கு வந்துவிட்டாள். "ஓம் மாமி, என்ட ஊடுதான். என்ட ஊட்டுல என்ட மாமா இரிப்பாரு."

பேசி முடித்த கலியாணம் உடைந்துவிடும் என்று என் கணவரின் முகம் வெளிறிப்போனது. "கலியாணம் முடியட்டும், மறுகா பாப்பம்" என்று சொல்லிவிட்டு அவர் எழும்பிப் போனார்.

அனுப்புவதில்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கவில்லை. ஆனால், அனுப்பாமல் வைத்திருந்தால் மட்டும் போதுமா? முன்பின் தெரியாத ஒருவர் வந்து தன் அறையில் படுத்தால் அவன் என்ன நினைப்பான்? பாயையும் தலையணையையும் அவன் கையாலேயே பின்வீட்டுக்குக் கொண்டுபோக வைத்தேன். பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். அடுத்த நாளும் அதே கதைதான்.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன் கால் கழுவி உள்ளே எடுப்பது எங்கள் வழக்கம். கழுவியவருக்கு மாப்பிள்ளை ஒரு மோதிரம் போடுவார். என் மகளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. உறவில் ஒருவனைக் கேட்கலாம் என்றிருந்தார்கள். வேண்டாம், தம்பியே கழுவட்டும் என்றேன். தன் கையால் உள்ளே எடுத்த மனிதரை அவன் அந்நியமாக நினைக்கமாட்டான் அல்லவா?

தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவனைப் பழக்கத் தொடங்கினேன். கதிரையில் மாப்பிள்ளையாக என் கணவர். தம்பியின் கையில் செம்பு.

"யாரு வாற?"

"மாப்புள."

"எங்க படுப்பாரு?"

"என்ட அறைல."

"அப்ப நீ?"

முதலில் செம்பை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவான். போகப்போக, "ராத்தாட ஊட்டுல" என்று என்னைக் காட்டிச் சொன்னான். பாயும் பின்வீட்டில் தங்கியது.

"மெதுவாத் தேய் மச்சான்," என்பார் என் கணவர். "வயலுக்குப் போற காலு இது. தோல் உரிஞ்சாலும் ஊத்தை போகா. மோதிரம் கீதிரம் என்னட்டக் கேட்டுராத!"

கலியாணத்தன்று வாசல் நிறையச் சனம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவருடைய உம்மா. தம்பி புதுச் சட்டையோடு குந்தி ஒரு காலைக் கழுவினான். மற்றக் காலுக்குப் போகாமல், செம்பைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தான்.

"என்னப் போகச் சொல்லுவியா?"

அந்த நாள் தேத்தண்ணிக் கதை அவன் காதில் விழுந்திருக்கிறது. இத்தனை நாளும் உள்ளுக்குள் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவனைத் தூக்கிவிடப் போன என் கணவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். கேட்க வேண்டியவன், கேட்க வேண்டியவரிடம்தான் கேட்டிருந்தான்.

மாப்பிள்ளை தன் உம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பியிடம் குனிந்தார்.

"இல்ல மாமா. நீங்க இரிந்தாத்தான் நான் உள்ளுக்கு வருவன்."

"அப்ப மத்தக் கால நீட்டு."

வாசலே சிரித்தது. அவருடைய உம்மா சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கதையை அவர் பிறகு எடுக்கவும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாம் அன்றோடு லேசாகிவிடவில்லை. விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் தம்பி பழைய அறைக் கதவைத் தட்டுவான். மருமகன் எழும்பி அவனையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார். சில நாள் சலித்துக்கொள்வார், மனிதர்தானே. இப்போது மகள் பிள்ளை பெற இருக்கிறாள். வரப்போகிற பிள்ளையைப் பற்றி அவனுக்கு இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

வாசிக்கிறவர்கள், இப்படியான பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னைப் பெரியவளாக்க வேண்டாம், என் சம்பந்தியைக் கெட்டவராக்கவும் வேண்டாம். அவரும் ஒரு தாயாகத்தான் கதைத்தார். கூட்டாமல் குறைக்காமல், தம்பி வாசலில் கேட்டதை அவன் கேட்டபடியே சொல்லுங்கள்.