சாட்சியக்காவின் அக்கா

பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சபையில் ஜெபித்து வளர்ந்தவர்களுக்கு இன்றும் டர்பன்டைன் வாசனை மூக்கில் ஏறினால் கை தானாகக் குவிந்துவிடும். கீழே கடைக்காரர் டின்னைத் திறந்தால் மேலே வாசனை வரும். மேலே பாட்டு உச்சத்துக்குப் போனால் கீழே டின்கள் கிடுகிடுக்கும். இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். மடக்கு நாற்காலிகள், ஒரு கட்டை வேலை செய்யாத கீபோர்டு, முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறி, அவ்வளவுதான் சொத்து. இப்போது அங்கே உடற்பயிற்சிக் கூடம் வந்துவிட்டது. சபை பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டது, ஏசி எல்லாம் உண்டு. ஆனாலும் பழைய ஆட்கள் நாலு பேர் கூடினால் பேச்சு அந்த மாடிப்படியைத்தான் ஏறும். ஏறினால் சாட்சியக்காவிடம் போய்த்தான் நிற்கும்.

அவளுக்கு நல்ல பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிற வேலை. படுக்கை விரிப்பும் டாக்டர்மாரின் கோட்டும் மலைமலையாக வந்து குவியும். வாரம் முழுக்க நீராவிக்குள் வாய் திறக்காமல் நிற்பவள், ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்தால் ஆளே வேறு. ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபை முன்னால் எழுந்து சொல்வதற்குச் சாட்சி என்று பேர். "யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்று பாஸ்டர் பொதுவாகத்தான் கேட்பார். கண் மட்டும் அவள் பக்கம் போகும். உடனே சனங்கள் வசதியாகச் சாய்ந்துகொள்வார்கள், கைக்குட்டைகள் வெளியே வரும்.

சாட்சி இதுதான். அவள் பிறந்த அன்றே அம்மா போய்விட்டாள். வளர்த்தது அக்கா. வளர்த்தாளே தவிர, தட்டு உடைந்தாலும் பால் பொங்கினாலும் அக்காவின் வாயில் ஒரே வார்த்தைதான்: "அம்மாவை முழுங்கினவ." பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் சொன்னாள், பள்ளிக்கூட வாசலில் சொன்னாள். தங்கச்சி கல்யாணமாகி, வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது பார்க்க வந்தவள், "உன் பிள்ளையாவது உன்னை முழுங்காம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெற்றவள்தான் நல்லபடியாக இல்லை. பிள்ளையைத் தூக்கப் பயந்து சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். பஸ் ஓட்டுகிற கணவன் வேலை முடிந்து வந்து பிள்ளைக்குத் துணி மாற்றினான். பாஸ்டரம்மா மத்தியானம் தவறாமல் வந்தாள். பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. காய் நறுக்கினாள், பாத்திரம் கழுவினாள், பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருநாள் உடைந்து அழுதவளைக் கட்டிக்கொண்டு, "அந்த வார்த்தை ஆண்டவர் சொன்னதில்லம்மா" என்று மட்டும் சொன்னாள். அன்று பிள்ளையைத் தூக்கினவள்தான், அவன் மீசை முளைக்கும்வரை இறக்கவில்லை என்று கணவன் கேலி செய்வான்.

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஆண்டவர் அவளைத் தேற்றினது சத்தியம். அந்தச் சாட்சியைக் கேட்டு, வெளியே சொல்லாத வேதனையை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னவர்களும் அந்த மாடியில் உண்டு. ஆனால் வருஷம் போகப் போக, சொல்லிச் சொல்லி சாட்சி மெருகேறிவிட்டது. அக்காவின் குரல் தடித்தது, உயரமும் கொஞ்சம் கூடியது. எங்கே நிறுத்தினால் சனங்கள் பெருமூச்சு விடுவார்கள் என்று அவளுக்கு அத்துப்படி. சின்னப் பிள்ளைகள் பின்வரிசையில் அவளோடு சேர்ந்து வாயசைக்கும். சில விஷயங்கள் உதிர்ந்தும் போயின. அம்மா செத்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது என்பது உதிர்ந்தது. தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள அக்கா படிப்பை விட்டது உதிர்ந்தது. "அதையும் சொல்லேன்" என்று கணவன் ஒருமுறை சொன்னதற்கு, கதை நீண்டுவிடும் என்றாள்.

பாஸ்டரம்மா மட்டும் ஒருநாள் டீ கப்புகளைத் துடைத்துக்கொண்டே, அக்காவுக்காக ஜெபிக்கிறாயா என்று கேட்டாள்.

"அவளை எப்பவோ மன்னிச்சுட்டேனே பாஸ்டரம்மா. அதான் வாராவாரம் மைக்லயே சொல்றேனே."

பாஸ்டரம்மா அடுத்த கப்பை எடுத்துக்கொண்டாள்.

அந்த அக்காதான் ஒருநாள் பையும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், கண்ணில் புரை விழுந்துவிட்டது, ஆபரேஷன் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில்தான். ஆஸ்பத்திரி ஊரில் தங்கச்சியை விட்டால் வேறு யார்? தங்கச்சி கட்டிலை ஒழித்துக் கொடுத்தாள், சாப்பாடு போட்டாள், சொட்டு மருந்து விட்டாள். மன்னித்துவிட்டோமே என்ற தைரியம். ஆனால் அக்கா இருமினால்கூட அவள் தோள் தானாக ஒடுங்கியது. அதைப் பார்த்து அவளே திடுக்கிட்டாள்.

ஞாயிறு காலை அக்கா தலைவாரிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். தனியாக இருந்து என்ன செய்வது, கோயிலுக்கு நானும் வருகிறேன் என்றாள். இன்றைக்கு மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று பாஸ்டரிடம் சொல்லிவிடலாம் என்று தங்கச்சி அவசரமாக ஓடினால், அன்றைக்கென்று பாஸ்டர் வெளியூர். வந்திருந்தது புதுப் போதகர். அவரைப் பிடித்துப் பேசுவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அக்காவுக்குக் கண் தெரியாததால், வரவேற்பு அத்தை கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். வந்தவர்களை நாற்காலியில் அமர்த்துவதும் அமர்ந்தவர்களிடம் பேச்சுக் கொடுப்பதும் அந்த அத்தையின் ஊழியம். பாட்டுப்புத்தகத்தோடு பின்னால் வந்து நின்ற தங்கச்சியின் காதில் விழுந்தது இதுதான்:

"இன்னைக்கு ஒரு சாட்சி கேப்பீங்க பாருங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு அக்கா இருந்தாளாம். அக்காவா அவ, ராட்சசி."

"அப்படியா? என்ன பண்ணா?"

அத்தை சொன்னாள். தட்டு, பால், பள்ளிக்கூட வாசல், வயிற்றுப் பிள்ளை, ஒன்று விடாமல். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, கையை விரிக்க வேண்டிய இடத்தில் விரித்து, அசல் மாதிரியே சொன்னாள். இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டபோதுதான் தங்கச்சிக்கு அது எவ்வளவு பழகிப்போன பேச்சு என்று உறைத்தது. அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். முடிந்ததும், "பாவம் அந்தப் பொண்ணு" என்றாள்.

புதுப் போதகர் மைக்கைத் தட்டினார். இந்தச் சபையில் ஒரு சகோதரியின் சாட்சியைத் தவறவிடாதீர்கள் என்று பாஸ்டர் சொல்லி அனுப்பினாராம். எல்லாத் தலையும் திரும்பியது. கைக்குட்டைகள் வெளியே வந்தன.

தங்கச்சி எழுந்தாள். சாட்சியைச் சொன்னால் அக்காவைச் சபை நடுவே நிறுத்தி அடிப்பது மாதிரி. மழுப்பினால் ஆண்டவர் செய்ததை மறுத்த மாதிரி. என்ன சொல்லணும் ஆண்டவரே, என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே நடந்தாள். அந்த மைக்குக்கு வருவதற்குமுன் அவள் அப்படிக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. மனப்பாடமாக இருந்ததற்குக் கேள்வி எதற்கு?

"எனக்கு அம்மா இல்லைன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்" என்று ஆரம்பித்தாள். பின்வரிசைப் பிள்ளைகள் வாயசைக்கத் தொடங்கி, வார்த்தை மாறியதால் விழித்தன. "நான் அம்மாவைப் பார்த்ததே இல்ல. எங்க அக்கா பார்த்திருக்கா. பன்னெண்டு வருஷம் அம்மா கையால சாப்பிட்டவ. ஒரே நாள்ல அம்மாவைத் தூக்கிட்டுப் போயிட்டு, அவ கையில ஒரு குழந்தையைக் குடுத்துட்டாங்க. நான் அழுதா அவ தூக்கினா. அவ அழுதப்ப தூக்க ஆள் இல்ல. இதை நான் இங்க ஒருநாளும் சொன்னதில்ல."

சபையில் பெருமூச்சு வரவில்லை. எங்கே விடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஆண்டவர் என்னைத் தேத்தினாரு. அதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு உக்காந்துட்டேன். அவளையும் அவர் தேத்தணும்னு நான் கேக்கவே இல்ல. இனிமே கேப்பேன்."

வந்து உட்கார்ந்துவிட்டாள். கீபோர்டுக்காரர் சற்றுத் தாமதமாகத்தான் கட்டையைத் தொட்டார்.

ஆராதனை முடிந்ததும் இவர்தான் அக்கா என்று யாரோ சொல்லிவிட, வரவேற்பு அத்தை முகம் வெளிறி ஓடிவந்தாள். அக்கா அவள் கையைத் தடவிப் பிடித்து, "நீங்க சொன்னதுல தப்பு எதுவும் இல்லம்மா. கொஞ்சம் குறைச்சுத்தான் சொன்னீங்க" என்றாள். அத்தை அதற்குப்பின் வெகுகாலம் புதியவர்களிடம் நலம் மட்டும்தான் விசாரித்தாள்.

வீட்டுக்கு நடந்தார்கள். கணவன் மகனோடு முன்னால் போய்விட்டான். அக்கா தங்கச்சியின் முழங்கையைப் பிடித்திருந்தாள். தெருமுனை திரும்பியதும் அக்கா கேட்டாள்.

"நான் சொன்ன அந்த வார்த்தை. அதை ஏன் இன்னைக்கு விட்டுட்டே?"

"நீ உக்காந்திருந்தியே அக்கா."

"நான் இல்லாதப்ப ஊருக்கெல்லாம் சொன்னே. எனக்கு யாரு சொல்லுவா?" அக்கா நின்றுவிட்டாள். "ஆபரேஷன் ஆயிட்டா கொஞ்ச நாளைக்கு அழக்கூடாதாம், டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடி சொல்லிடு."

அன்று மத்தியானம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மைக் இல்லாமல், தட்டிலிருந்து வயிற்றுப் பிள்ளைவரை முழுவதையும் சொன்னாள். மெருகெல்லாம் கழன்று, வார்த்தை தட்டித் தடுமாறி வந்தது. அக்கா குறுக்கே பேசவில்லை, சாக்குச் சொல்லவில்லை. டாக்டர் தடுக்கப்போகிற அழுகையை எல்லாம் அன்றைக்கே அழுது தீர்த்தாள். தங்கச்சி தன் முந்தானையால் அந்தக் கண்களை ஒற்றி எடுத்தாள்.

அந்தச் சாட்சியை அவள் மறுபடி யாருக்கும் சொல்லவில்லை. கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள்.