றுக்கியா காப்பாற்றிய கதாநாயகி

கிண்ணியாவில் அபாயா தைக்கும் றுக்கியாவுக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. தன்னை யாராவது எழுத்தாளர் என்று கூப்பிட வேண்டும். அதற்காக அவள் செய்த முதல் காரியம், செத்துப்போன ஒருத்தியை எழுப்பிவிட்டது.

செத்தவள், தொலைக்காட்சியில் இழுஇழுவென்று ஓடிய மொழிமாற்று நாடகம் ஒன்றின் கதாநாயகி. கடைசி வாரத்தில் அவளை மலையிலிருந்து தள்ளிவிட்டு, நிம்மதியாக விளம்பரம் போட்டார்கள். றுக்கியாவுக்குப் பொறுக்கவில்லை. தையல் மெஷினை நிறுத்தினாள், கைபேசியை எடுத்தாள், மலையடிவாரத்தில் ஒரு வைக்கோல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி அவளைக் காப்பாற்றி, கதை போடும் செயலி ஒன்றில் ஏற்றிவிட்டாள்.

உள்ளதைச் சொன்னால், ஆரம்பத்தில் அது சகிக்கவில்லை. கதாநாயகி பந்திக்குப் பந்தி மயங்கி விழுந்தாள். மாளிகையில் சமையற்காரன் உட்பட எல்லோருக்கும் பழைய ஞாபகம் போய்விட்டது. திருகோணமலை இலக்கிய வட்டமொன்றின் தலைவர் சரீப் சேர் ஒரு கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "இது ஆரோ பெத்த புள்ளைக்குப் பேர் வைக்கிற வேலை. சொந்தமா எழுத ஏலாதவங்க செய்யிறது" என்று முழங்கினார். அவர் சொந்தமாக எழுதிய நாவல், யாரும் கைவைக்காமல், கட்டுக்கட்டாக அவருடைய அலுமாரிக்கு மேலே பத்திரமாக இருந்தது. பின்வரிசையில் இருந்த றுக்கியா அன்று வீடு வரும்வரை அழுதாள்.

ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. நிறுத்த விட்டால்தானே! உப்புவெளியில் கீர்த்தனி என்றொரு வாசகி இருந்தாள். ஒவ்வொரு பகுதிக்கும் முதல் ஆளாக வந்து கருத்து எழுதுவாள். "அக்கா, மயங்கினது காணும். இனி அவ ஒரு வேலைக்குப் போகட்டும்." "அக்கா, மாமியார் ஏன் இவ்வளவு பொல்லாதவ? அதைச் சொல்லுங்கோ." கடைசியில் தவறாமல், "அடுத்த பகுதி எப்ப?" திட்டு வாங்கி வாங்கியே றுக்கியாவின் கை திருந்தியது. மாளிகை மெல்ல மெல்லக் கிண்ணியா வீடானது. கதாநாயகி தைக்கப் பழகினாள். மாமியார் குசினி அடுப்படியில் தனியே நின்று அழுத பகுதியை வாசித்து, இறக்கக்கண்டி வரைக்கும் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

பிறகு காலம் மாறியது. இப்படிப் பிறந்த கதைகள் பேர் மாறிப் புத்தகமாகி, வெளிநாடுகளில் அமோகமாக விற்கின்றன என்று யாரோ சரீப் சேரின் காதில் போட்டார்கள். அடுத்த கிழமையே சேர் கிண்ணியாப் பாலம் தாண்டி வந்து றுக்கியாவின் வீட்டுக் கதிரையில் அமர்ந்தார்.

"மகள், ரசிகர் புனைவு இப்ப ஒரு இலக்கிய வகை. நான் அப்பவே சொன்னனான். புத்தகமாப் போடுவம். பேர்களை மட்டும் மாத்துங்க. நாடகத்தைப் பத்தின பேச்சை எங்கயும் எடுக்க வேணாம்."

எப்போது சொன்னார் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஆசை வாயை அடைத்துவிட்டது. சொன்னபடி பேர்களை மாற்றினாள். முன்னுரையில் சேருக்கு நீண்ட நன்றி இருந்தது. நாடகமும் இல்லை, கீர்த்தனியும் இல்லை.

வெளியீட்டு விழா வழக்கம்போல நடந்தது. அதாவது, புத்தகத்தை வாசிக்காத எல்லோரும் பேசினார்கள். "எவருடைய நிழலும் படாத படைப்பு" என்றார் சரீப் சேர். முதற்பிரதி வாங்க மேடையேறிய கடைக்கார சஜீத் ஹாஜியார் மட்டும், ஒலிவாங்கி பக்கத்தில் இருப்பதை மறந்து, "இதில அந்த நாடகத்துப் புள்ள தப்பிட்டாவா?" என்று கேட்டுவிட்டார். மண்டபம் சிரித்தது. பொன்னாடைக்குள் றுக்கியாவுக்கு வியர்த்தது.

ஆனாலும் எழுத்தாளர் ஆகிவிட்டாளே! கொஞ்ச நாள் கால் நிலத்தில் படவில்லை. செயலியில் தன் பெயருக்கு முன்னால் 'எழுத்தாளர்' என்று போட்டுக்கொண்டாள். அப்படிப் போடப் போன இடத்தில்தான் கீர்த்தனியின் புதுக்கதை கண்ணில் பட்டது. றுக்கியாவின் நாவல் முடிந்த இடத்திலிருந்து தொடங்கி, மாமியாரைக் கதாநாயகியாக்கி எழுதியிருந்தாள். தலைப்புக்குக் கீழே, 'றுக்கியா அக்காவின் கதையிலிருந்து பிறந்தது' என்றும் போட்டிருந்தாள்.

றுக்கியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரீப் சேருக்குப் போன் எடுத்தாள்.

"என்ட ஆக்களை எடுத்து எழுதுறாள் சேர்! சொந்தமா எழுத ஏலாதாமா?"

"கோவிக்காதீங்க மகள். அது இப்ப ஒரு இலக்கிய வகை" என்றார் சேர். "வாற மாசம் அந்தப் புள்ளைக்கும் ஒரு வெளியீடு வைப்பம்."

போனை வைத்துவிட்டு, பிழை பிடிப்பதற்கென்றே வாசிக்கத் தொடங்கினாள். மாமியார் குசினியை விட்டு வெளியேறி, ஒரு பையோடு பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். அந்தப் பெண்ணை அழவைத்து அப்படியே குசினியில் விட்டுவிட்டு வந்தது தான்தான் என்று றுக்கியாவுக்கு அப்போது உறைத்தது. முன்னுரையில் எழுதாமல் விட்ட பெயரும் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, கதையை விடவும் முடியவில்லை. பஸ் வருவதற்குள் பகுதி முடிந்துவிட்டது.

பெயருக்கு முன்னால் போட்ட 'எழுத்தாளர்' என்பதை அழித்தாள். பிறகு கதைக்குக் கீழே எழுதினாள்: "அடுத்த பகுதி எப்ப?"