வெள்ளைக்கறிக் காலம்

பத்து வயதில் நான் அம்மாவின் சிறுநீர்ப்பைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சிரிக்காதீர்கள், வீட்டில் ஒழுங்காகப் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவுக்கு அடிவயிற்றில் ஓயாத வலி, அரை மணிக்கொரு தடவை கழிப்பறை. ஓல்னேயில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு ரயிலேறவும் பயந்தார். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து, கிருமி ஒன்றுமில்லை என்று மாத்திரை தந்து அனுப்பிவிட்டார்கள். வலி போகவில்லை. அதன் பிறகுதான் லா சப்பலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த சீன வைத்தியரம்மாவிடம் போனோம்.

அவர் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கணுக்காலில் மெல்லிய ஊசிகள் குத்தினார். வேரும் பட்டையுமாக ஒரு பொட்டலம் தந்து காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். கடைசியாக, மிளகாய் அறவே கூடாது என்றார். அதை நான் தமிழில் சொன்னதும் அம்மா அழுதேவிட்டார்.

"அந்த மனிசன் உறைப்பில்லாமல் ஒரு வாய் தின்னாது. வேலையாலை வந்து ரெண்டு சட்டியிலை சமைக்க என்னாலை ஏலுமே?"

இதையும் பிரெஞ்சில் சொல்லவா என்று கேட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் சாப்பிட உட்காரும்போது, "இஞ்சை பாரும், எனக்கும் இப்ப உறைப்புத் தின்னா நெஞ்செரியுது. ஒரே சட்டியிலை வெள்ளைக்கறியா வையும்" என்றார். அன்றிலிருந்து மிளகாயே படாமல் மீனும் தேங்காய்ப்பாலில், கத்தரிக்காயும் தேங்காய்ப்பாலில். "நல்ல ருசி" என்று வழித்துச் சாப்பிடுவார். நானும் நம்பினேன்.

ஞாயிறு பின்னேரங்களில் கறிவேப்பிலை வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். முதல் ஞாயிறே ஒரு தேத்தண்ணிக்கடை மூலையில் உட்கார்ந்து, மேலதிகமாக மிளகாய்த்தூள் போட்ட ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டியை மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டார். அப்படியொரு ஆனந்தம் அந்த முகத்தில்!

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதை" என்று எனக்கொரு ரோல்ஸ் வாங்கித் தந்தார். அடேயப்பா, என்ன கள்ளம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே தின்றேன். மூன்றாம் வாரம் இரண்டாகக் கேட்டேன், கிடைத்தது.

கசாயமோ, ஊசியோ, வெள்ளைக்கறியோ, எது கேட்டதென்று தெரியாது. வலி முழுதாகப் போகவுமில்லை. ஆனால் அடுத்த கோடையில் அம்மா நடுவில் எங்கும் இறங்காமல் ஓல்னே வரை ரயிலில் வந்தார். பெரியம்மாவைக் கண்டதும் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அம்மாவை நானும் அப்பாவும் நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்றே அப்போது நினைத்திருந்தேன். ஞாயிறுதோறும் நாங்கள் புறப்படும்போது அவர் அப்பாவின் சட்டைப் பையில் தோய்த்துக் காயவைத்த கைக்குட்டை ஒன்றை, அவர் சொல்லில் லேஞ்சியை, மடித்து வைத்து, "அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ" என்பார். ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்க எதற்கு அவ்வளவு நேரம், தடிமனோ மூக்கொழுகலோ இல்லாத மனிதருக்கு எதற்கு லேஞ்சி என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.